உள்ளே பெய்கிற மழை

நாலே கால்.
பீரோ கிரீச்சிட்டால் வீடே புரண்டு படுக்கும் என்று
இரவே எடுத்து நாற்காலியில் போட்டிருந்தேன்.
போட்டதை இப்போது நம்பவில்லை.

அஸ்தம்பட்டியில் தூறல்.
மாடியில் நின்று பார்த்தால்
ஏற்காட்டின் விளக்கு ஒன்றுகூட இல்லை.
மேகம் பாதி மலைக்கு இறங்கியிருக்கிறது.

பருத்தி பனியன் வேண்டாம்.
பருத்தி நல்லதுதான், வீட்டில்.
நாலாம் வளைவில் வியர்வையைக் குடிக்கும்,
குடித்ததை விடாது,
இறக்கத்தில் அதையே பனிக்கட்டியாக்கி
முதுகில் ஒட்டும்.

மஞ்சள் ரெயின்கோட்
ஸ்கூட்டரில் பேங்குக்குப் போக வாங்கியது.
வெளியே பெய்கிற மழை உள்ளே வராது.
உள்ளே பெய்கிற மழை வெளியே போகாது.
போன கார்த்திகையில் அதற்குள்
இட்லி மாதிரி வெந்திருக்கிறேன்.

ஏரிக்கரைக் கடையில் பேரம் பேசி வாங்கிய ஸ்வெட்டர்:
நனைந்தால் ஓர் ஆட்டுக்குட்டியின் எடை.

ரோசலின் சொல்வாள்,
"வாசல்ல நிக்கும்போது குளிரணும்டி.
குளிரலைன்னா
அதிகமாப் போட்டுட்டேன்னு அர்த்தம்."
மேலே நாகலூரில் காபித் தோட்டத்துக் கணக்கு எழுதுகிறவள்.
ஞாயிறு விடிகாலை அவள் ஓடி இறங்குவாள்,
நான் மிதித்து ஏறுவேன்,
பதினெட்டாம் வளைவில் ஆறரைக்குச் சந்திப்பு.

கடைசியில்
பேங்க் ஸ்போர்ட்ஸ் டேயில் கொடுத்த
மெலிசான பாலியஸ்டர்.
முழங்கை வரை ஓர் உறை, வேண்டாமென்றால் உருவிக்கொள்ள.
சாக்ஸின் மேல் ரொட்டிக் கவர், அதன் மேல் ஷூ.
ஒவ்வொரு மிதிக்கும் கரகர.
பேக்கரிக்குள் எலி புகுந்த சத்தம்.
இறக்கத்துக்கென்று நேற்றைய பேப்பரை மடித்துப் பையில் வைத்தேன்.
மணி பார்த்தால் நாலே முக்கால்.
அரை மணி நேரம் துணிகளோடு பேசியிருக்கிறேன்.

அடிவாரத்தில் பல் கிட்டியது.
மூன்றாம் வளைவில் கிட்டியது விட்டது.
ஒன்பதில், சரியாக உடுத்திய ஒருத்தியின்
சின்ன கர்வம்.
பதிமூன்றில் மேகத்துக்குள் நுழைந்தேன்,
கை மயிர் ஒவ்வொன்றிலும் ஒரு துளி.
குரங்குகள் தடுப்புச்சுவரில் வரிசையாக,
அவை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

பதினெட்டில் ரோசலின்.
கையில்லாத பனியன், தலையில் கம்பளிக் குல்லா,
விரலுக்குக் கையுறை.
உதடு நாவல்பழ நிறம்.
முட்டி இரண்டும் ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருந்தன.
"எவ்வளவு நேரமா?"
"அரை மணி."
அவள் ஓடுவதற்கு உடுத்தியிருந்தாள்.
காத்திருப்பதற்கு அல்ல.

அந்த அரை மணி எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.
நாற்காலியில் கிடக்கிறது,
மஞ்சளாய், கனமாய், கலைந்து.

சொல்லவில்லை.
பேப்பரை எடுத்து நடுவில் கிழித்தேன்.
வெளித்தாள் அவளுக்கு, உள்தாள் எனக்கு.
பனியனுக்கு மேலே வைக்கவேண்டும் என்பார்கள்.
குளிரில் யாருக்கு நினைவு,
வயிற்றோடு ஒட்டிச் செருகிக்கொண்டோம்.
அவள் மேல்நோக்கி ஓடினாள், நெஞ்சில் சரசரத்தபடி.
நான் பிரேக்கைப் பிடித்தபடி
இருபது கிலோமீட்டர் காற்றுக்குள் விழுந்தேன்.

குளியலறையில் பேப்பரை உரித்தேன்.
மை தோலில் இறங்கியிருந்தது, இடவலமாக,
யாரும் எழுதாத ஒரு மொழியில்.
கண்ணாடி முன் திரும்பினேன்.
கண்ணாடி அதைத் தமிழாக்கியது:
தொப்புளுக்கு மேலே
மாவட்ட மழை அளவு,
ஏற்காடு நாற்பத்தேழு மில்லிமீட்டர்,
விலா எலும்பருகே சேலம் பாதி அழிந்து.

மாலையில் ரோசலின் போன் செய்தாள்.
குரல் கட்டியிருந்தது.
அவள் வயிற்றில் தங்கம் விலையாம்.
தங்கை படித்துச் சொன்னாளாம்.
"சோப்பு போட்டும் போகலடி, சவரனுக்கு எண்பது ரூபா குறைஞ்சிருக்கு"
என்று சிரித்து
இருமி
மறுபடி சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு
பையில் அந்த ஆட்டுக்குட்டியையும் கொண்டுபோவேன்.
எனக்கல்ல.